மீன் பிடிக்கிறவரை மட்டும் கேட்டுப் படகு வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மீன் பிடிக்கவும் குடும்பத்தோடு சுற்றிவரவும் ஒரே படகை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று போன ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவருக்குப் படகு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் அவர் வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் படகில் ஏறுவதில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நல்ல மீன்பிடிப் படகாகப் பார்த்து வாங்கி, அப்புறம் நாலு மெத்தையைப் போட்டால் அதுவே உல்லாசப் படகாகிவிடும் என்று போகிற போக்கில் எழுதிவிட்டார். இதே பேச்சை நம்பித்தான் நானும் என் முதல் படகை வாங்கினேன். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது 18 அடி சென்டர் கன்சோல். நடுவில் சுக்கான் மேடை, அதைச் சுற்றி நாலு பக்கமும் நடக்க இடம். மீன் மாட்டியதும் அது இழுக்கிற பக்கமெல்லாம் தூண்டில் கம்போடு நாமும் படகை ஒரு சுற்று சுற்றி வரலாம், குறுக்கே எதுவும் தடுக்காது, தூண்டில் போடுகிறவனுக்கு அதைவிட நல்ல அமைப்பு கிடையாது. முதல் பயணத்துக்கு மனைவி, ஏழு வயது மகள், மாமியார் மூவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். உட்கார இடம் என்று பார்த்தால் சுக்கானுக்குப் பின்னால் இரண்டு பேருக்கு ஒரு பலகை, அதை விட்டால் ஐஸ் பெட்டி. மாமியார் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். இரை அதற்குள்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் "அத்தை, கொஞ்சம் எழுந்திரிங்க" என்று நான் கேட்க, அவர் ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் பேத்தியின் தோளையும் பிடித்துக்கொண்டு எழ, ஆடுகிற படகில் இது ஆறேழு தடவை நடந்தது. நிழல் என்பது மருந்துக்குக்கூட இல்லை. எதிர்காற்றில் திரும்பி வரும்போது அலை உடைந்து தெளித்த தண்ணீர் அத்தனையும் அவர்கள் மூன்று பேர் மேலேயும்தான். சுக்கானுக்குப் பின்னால் கண்ணாடி மறைப்பில் நின்ற நான் மட்டும் நனையவில்லை, அதைக்கூட நான் கரைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். மாமியார் கோபப்படவில்லை. "மாப்பிள்ளை, அடுத்த தடவை நான் கரையிலயே உக்காந்துக்கிறேன், நீங்க நல்லபடியா போய்ட்டு வாங்க" என்றார். மனைவியும் மகளும் இன்னும் இரண்டு தடவை வந்தார்கள். அதற்கு மேல் அந்தப் படகு என் ஒருவனுடையதாகிவிட்டது.

தூண்டில் போடுகிறவன் எதையும் தாங்குவான். வெயில், உப்புத் தண்ணீர், முட்டி வலி எல்லாம் ஒரு மீன் மாட்டினால் மறந்துபோகும். கூட வந்தவர்களுக்கு மறப்பதற்கு அந்த மீன் கிடையாது. அதனால் குடும்பம் உட்காரத் தோதான படகை வாங்கி அதில் மீன் பிடித்துக்கொள்ளலாம், மீன்பிடிப் படகை வாங்கி அதில் குடும்பத்தை உட்கார வைப்பதுதான் கஷ்டம். கட்டுரையாளர் சொன்னதற்கு நேர் எதிராக நான் சொல்வது இதைத்தான்.

அவர் நீளத்தையும் குதிரைத்திறனையும் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார், படகின் அடிப்பாகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் பட்டது. ரேமண்ட் ஹன்ட் என்று ஒரு அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் இருந்தார். 1960இல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நாசோ நகருக்கு நடந்த விசைப்படகுப் போட்டியில், கடல் மோசமாக இருந்த நாளில், அவர் வரைந்த ஆழமான V வடிவ அடிப்பாகம் கொண்ட மாப்பி என்ற படகில் டிக் பெர்ட்ராமின் குழு ஜெயித்தது. கத்தி மாதிரி அலையைப் பிளந்து போகிற அந்த வடிவம் அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. அதே ஹன்ட்தான் அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1958இல் வந்த 13 அடி பாஸ்டன் வேலர் படகையும் வரைந்தார். அது அப்படியே எதிர்மாறு, அகலமாக, சட்டென்று சாயாமல் தண்ணீர் மேல் தட்டு மாதிரி நிற்கிற படகு. ஃபைபர் ஓடுகளுக்கு நடுவே நுரை நிரப்பியிருந்ததால் மூழ்காது என்று காட்ட, 1961இல் அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, இன்ஜின் இருந்த பின்பாதியை ஓட்டியே காட்டினார்கள், லைஃப் பத்திரிகையில் படங்களோடு வந்தது. நான் சொல்ல வந்தது அந்த வேடிக்கையை இல்லை. ஒரே மனிதர் ஓடுவதற்கு ஒரு வடிவமும் நிற்பதற்கு வேறொரு வடிவமும் வரைந்தார். நாம் கடைக்குப் போய் இரண்டும் ஒன்றிலேயே வேண்டும் என்று கேட்கிறோம்.

மீன்பிடிப்பு என்றால் பாதி நேரம் படகு நிற்கும். உல்லாசப் பயணம் என்றால் ஓடும். பின்பக்கத்தில் V வடிவ அடிப்பாகத்தின் சாய்வு 20 முதல் 24 பாகை வரை இருக்கிற படகு ஓடும்போது அலையில் முதுகெலும்பைக் காப்பாற்றும், ஆனால் இன்ஜினை நிறுத்திவிட்டுத் தூண்டில் போட்டால் தொட்டில் ஆடுகிற மாதிரி பக்கவாட்டில் ஆடும், அதோடு வேகமெடுத்துத் தண்ணீரின் மேல் எழும்பி ஓட இன்ஜின் சக்தியும் கூடுதலாக வேண்டும். தட்டையான அடிப்பாகம் நிற்கும்போது சொகுசு, ஒரு முழ அலையில் வேகமாக ஓட்டினால் பலகையால் அடிக்கிற மாதிரி மொத்தும். குடும்பத்தில் ஒருவருக்கு வாந்தி வருவது பெரும்பாலும் படகு ஓடும்போது இல்லை, நின்று ஆடும்போதுதான், அதாவது நாம் ரொம்ப சந்தோஷமாக இருக்கிற நேரத்தில்தான். என் இரண்டாவது படகு 21 அடி, சாய்வு 18 பாகை. அலையிலும் முதல் தரம் கிடையாது, நிற்பதிலும் முதல் தரம் கிடையாது, ஆனால் எட்டு வருடமாக எல்லோரும் ஏறுகிறார்கள். முக்கால்வாசி நாள் ஏரியிலோ அமைதியான கழிமுகத்திலோதான் ஓட்டுவோம் என்றால் இதைவிடத் தட்டையானது போதும், வெளிக்கடலுக்கே போகிறவர்கள் 20 பாகைக்கு மேல் பார்க்கட்டும்.

இரட்டை அடிப்பாகம் கொண்ட கேட்டமரனைக் கட்டுரையாளர் வானளாவப் புகழ்ந்திருக்கிறார். (கட்டுமரம் என்ற நம் சொல்தான் கேட்டமரன் ஆனது. ஆனால் நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது, அதற்கு இரண்டு உடல் கிடையாது. பெயர் மட்டும்தான் ஊர் சுற்றிப் போய் வேறொரு படகில் ஒட்டிக்கொண்டது.) நிற்கும்போது அது ஆடாது, தளம் அகலம், இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கு எடை ஆகாது. ஆளும் ஐஸும் எரிபொருளும் அதிகமாக ஏறினால் நடுவில் இருக்கிற சுரங்கம் தண்ணீரோடு நெருங்கிவிடும், அப்புறம் அலை அந்த மேல்கூரையில் அடிக்கிற சத்தத்தைக் கேட்டால் குழந்தைகள் பயந்துவிடும். அகலம் கூடுவதால் நிறுத்தவும் டிரெய்லரில் இழுக்கவும் கஷ்டம். எட்டுப் பேர் ஏறுகிற குடும்பம் என்றால் சின்ன கேட்டமரன் பக்கம் போகவே வேண்டாம்.

சரி, மேல்தளத்துக்கு வருகிறேன். இரண்டையும் ஓரளவுக்கு ஒப்பேற்றுகிற அமைப்பு என் அனுபவத்தில் டூயல் கன்சோல்தான். இடம் வலம் இரண்டு மேடை, இரண்டுக்கும் கண்ணாடி, நடுவில் அணியத்துக்கு, அதாவது படகின் முன்பகுதிக்கு, போக ஒரு வழி. அணியத்தில் சுற்றி உட்காரலாம், பின்பக்கம் மடக்கும் இருக்கையைத் தூக்கி மடித்துவிட்டால் இரண்டு பேர் தாராளமாகத் தூண்டில் போடலாம். ஒரு மேடைக்கு அடியில் சின்னதாக ஒரு கழிவறை அமையும். மீனோடு படகைச் சுற்றி வர முடியாது, அது நிச்சயம் இழப்புதான், நான் இரண்டு நல்ல மீனை அதனாலேயே விட்டிருக்கிறேன். ஆனால் கழிவறையை ஆடம்பரம் என்று நினைக்கிற ஆண்கள் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும், அது இல்லாத படகில் பெண்களோடு போகிற பயணம் எதுவாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தண்ணீர் குடிக்காமலே வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள், காரணத்தைச் சொல்லவும் மாட்டார்கள். என் மனைவி எனக்கு இதைச் சொன்னதே முதல் படகை விற்ற பிறகுதான்.

அணியத்து இருக்கையில் ஒரு எச்சரிக்கை. அலையில் படகு முன்னால்தான் அதிகமாக எழுந்து விழும், பின்பக்கமும் நடுவும்தான் அமைதி. மெதுவாகப் போகும்போது குழந்தைகள் அங்கே உட்காரட்டும், வேகம் எடுத்தால் பின்னால் வந்துவிட வேண்டும், ஏனென்றால் அங்கிருந்து தண்ணீரில் விழுகிறவர் படகுக்கு அடியில் புரொப்பெல்லரை நோக்கித்தான் போவார். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்திவிடுகிற கில் சுவிட்ச் கயிற்றை நான் கையில் மாட்டாமல் ஓட்டுவதே இல்லை. என் மகள் சின்ன வயதில் அதைச் சரிபார்ப்பதை ஒரு விளையாட்டாக வைத்திருந்தாள், இப்போது அதிகாரமாக வைத்திருக்கிறாள்.

பக்கச் சுவரின் உயரத்தைக் கடையிலேயே சோதித்துவிடலாம். ஓரத்தில் ஒட்டி நின்று பாருங்கள், விளிம்பு முட்டிக்கு மேலே தொடையில் முட்ட வேண்டும். முட்டிக்குக் கீழே என்றால், குனிந்து வலையால் மீனைக் கோரும்போது ஒரு அலை வந்தால் நீங்கள் மீனோடு போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். பார்க்க அழகாக இருக்கிற பல உல்லாசப் படகுகள் தோற்பது இந்த இடத்தில்தான். தரைவிரிப்பு ஒட்டிய படகையும் ஒதுக்கிவிடுங்கள். மீன் ரத்தம் பட்ட விரிப்பை எத்தனை சோப்புப் போட்டாலும் மறுநாள் வெயிலில் அது தன் கதையைச் சொல்லிவிடும், அதில் உடைந்து சிக்கிய தூண்டில் முள் வெறுங்காலோடு ஓடுகிற குழந்தைக்காகக் காத்திருக்கும். வழுக்காத சொரசொரப்பான ஃபைபர் தளம், தண்ணீர் தானே வெளியே ஓடுகிற வடிகால் துளைகள், கழுவ ஒரு குழாய், இது போதும். கம்புகளை நிறுத்தி வைக்காமல் பக்கச் சுவருக்குள் படுக்க வைக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏழு அடிக் கம்பு, முள்ளோடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் நிம்மதி?

நிழல் கட்டாயம் வேண்டும், ஆனால் மடக்குகிற மாதிரி வேண்டும். நிலையான கூரைக்கு அடியில் நின்று தூண்டிலை வீசிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

இன்ஜின் விஷயத்தில் எனக்குப் பின்சுவருக்கு வெளியே மாட்டுகிற அவுட்போர்டுதான். உப்புத் தண்ணீரில் வேலை முடிந்ததும் மேலே தூக்கி நிறுத்தலாம், நல்ல தண்ணீரால் உள்ளே கழுவலாம், பழுதானால் வெளியில் நின்றே பார்க்கலாம். இன்ஜின் உள்ளேயும் புரொப்பெல்லர் மாட்டிய கால் வெளியேயும் இருக்கிற ஸ்டெர்ன்டிரைவ் பின்னால் அழகான குளியல் மேடை தருகிறது, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், ஆனால் அந்தக் கால் எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கும், அதன் ரப்பர் உறையைக் காலாகாலத்தில் மாற்றாவிட்டால் படகுக்குள் தண்ணீர் வரும். பெட்ரோல் இன்ஜின் உள்ளே இருந்தால் கிளப்புவதற்கு முன் நாலு நிமிடமாவது காற்றுவிசிறியை ஓட விட வேண்டும், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் போய்த் தேங்கி நிற்கும். எரிபொருள் செலவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு முழு வேகத்தில் 100 குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 38 லிட்டர் குடிக்கும். என்னுடையது 150, முழுதாக முறுக்கினால் 55 லிட்டருக்கு மேல், நிதானமாக ஓட்டினால் அதில் பாதி. அந்த நிதானமான வேகத்தில்தான் குடும்பமும் சிரித்துக்கொண்டு வருகிறது. தொட்டியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மீதி ஒரு பங்கைத் தொடாமல் வைக்க வேண்டும் என்பது பழைய விதி, நான் ஒரே ஒரு தடவை அதை மீறினேன், அந்தக் கதை வேண்டாம்.

இதோடு சேர்த்து ஒன்று. படகு நின்றுகொண்டு இன்ஜின் மட்டும் ஓடும்போது பின்மேடையில் யாரையும் உட்கார விடாதீர்கள். புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. படகு ஓடும்போதும், முன்னால் மூடிப் பின்னால் திறந்து கித்தானைப் போட்டிருந்தால் பின்காற்று புகையை உள்ளே இழுக்கும். தலைவலியும் குமட்டலும் வந்தால் நாம் அலைமயக்கம் என்றே நினைத்துக்கொள்வோம், ஆபத்தே அதுதான்.

ஐரோப்பிய விதிப்படி கட்டிய படகுகளில் எந்த அளவு காற்றையும் அலையையும் அது தாங்கும் என்று A, B, C, D எழுத்தில் சொல்கிற ஒரு தகடு இருக்கும். C என்றால் காற்றின் வேகத்தைக் குறிக்கிற பியூஃபோர்ட் அளவில் 6 வரை, அலை 2 மீட்டர் வரை. B என்றால் காற்று 8, அலை 4 மீட்டர். ஒரே படகுக்கு B வகையில் ஆறு பேர், C வகையில் எட்டு பேர் என்று போட்டிருப்பதையும் பார்க்கலாம், விற்கிறவர் B என்ற எழுத்தையும் எட்டு என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்வார். இரண்டும் ஒன்றாகச் சேராது. எனக்கு முதல் படகை விற்றவர் அப்படித்தான் சொன்னார், நானும் தகட்டைக் குனிந்து பார்க்கவில்லை.

வெள்ளோட்டத்துக்கு வருகிறேன். விற்கிறவர் எப்போதும் காற்றில்லாத காலை நேரத்தில், கால் தொட்டி எரிபொருளோடு, உங்களை மட்டும் கூட்டிக்கொண்டு போவார். அப்படிப் போனால் எந்தப் படகும் பறக்கும். 200 லிட்டர் பெட்ரோலே சுமார் 150 கிலோ, அதாவது இரண்டு பெரிய ஆட்கள். காற்று எழுகிற மதிய நேரத்தைக் கேளுங்கள், தொட்டியை நிரப்பச் சொல்லுங்கள், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றுங்கள். இரண்டாவது படகுக்கு நான் இப்படிக் கேட்டபோது அந்த மனிதரின் முகம் சுருங்கியது, ஆனாலும் வந்தார். கொஞ்ச தூரம் போனதும் இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். அலைக்குப் பக்கம் காட்டி இருபது நிமிடம் சும்மா கிடந்தோம். எல்லோரையும் ஒரே பக்கம் வந்து நிற்கச் சொன்னேன், படகு ஒரு அளவுக்குச் சாய்ந்து அங்கேயே நின்றது, தொடர்ந்து போகவில்லை. மாமியார் பின்னிருக்கையில் உட்கார்ந்து தலையைத் திருப்பாமல் அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன அத்தை, எப்படி இருக்கு?" என்றேன். "இங்க யாரும் என்னை எழுப்பல இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார். அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

பழைய படகு வாங்குகிறவர்கள் இன்ஜினைத் தாங்குகிற பின்சுவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃபைபருக்குள்ளே ஒட்டுப்பலகை வைத்துக் கட்டிய படகு என்றால் திருகு போட்ட ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி உள்ளே உளுத்திருக்கும், வெளியே பெயின்ட் பளபளக்கும். சின்ன சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள், டங் டங் என்று வந்த சத்தம் பொத்தென்று மாறினால் அங்கே விஷயம் இருக்கிறது. இன்ஜினைப் பாதி தூக்கிவிட்டு அதன் காலை அழுத்திப் பாருங்கள், சுவர் லேசாக அசைந்தால்கூட வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அலுமினியப் படகில் இந்த உளுக்கிற பயம் குறைவு, அடிபட்டால் பிளக்காமல் நசுங்கும், எடையும் கம்மி, ஆனால் அலை தட்டுகிற சத்தம் அதிகம். முன்னால் வைத்திருந்தவர் செம்பு கலந்த அடிப்பாகப் பெயின்ட்டை அதில் பூசியிருந்தால் உப்புத் தண்ணீரில் அலுமினியத்தையே அரித்துவிடும்.

கடைசியாக ஏணி. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தண்ணீரில் விழுந்த பெரியவர் ஒருவரைப் பக்கச் சுவர் வழியே கையைப் பிடித்துத் தூக்கிவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நனைந்த துணியோடு அவரை இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. பல படகுகளில் ஏணி தண்ணீருக்குள் ஒரே ஒரு படிதான் இறங்கும், முட்டியை நெஞ்சு வரை தூக்கினால்தான் அதில் கால் வைக்க முடியும். மூன்று படியாவது உள்ளே இறங்க வேண்டும், தண்ணீரில் இருக்கிறவரே கையை நீட்டி இழுத்தால் விரிய வேண்டும். வெள்ளோட்டத்தன்று லைஃப் ஜாக்கெட்டோடு, இன்ஜினை அணைத்துவிட்டு, நீங்களே இறங்கி ஏறிப் பாருங்கள். கட்டுரையின் அடுத்த பகுதி வரப்போகிறது என்று போட்டிருக்கிறீர்கள், அதில் இந்த ஏணியையாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்